கூடாரத்துக்குள் அடுப்பு: ஒரு சின்னக் கணக்கு

டென்வரில் இருக்கும் நண்பர் ஒருவர் போன வாரம் ஒரு கேள்வி அனுப்பியிருந்தார். அக்டோபர் கடைசியில் மூன்று நண்பர்களுடன் கொலராடோ மலைக்காட்டுக்குள் எல்க் மான் வேட்டைக்குப் போகிறார். ஐந்து இரவுகள். காரை நிறுத்தும் இடத்திலிருந்து 8 கிலோமீட்டர் நடை, எல்லாம் முதுகில்தான். "அடுப்பு வைக்கிற பெரிய டென்ட் ஒண்ணு, நாலு பேரும் காசு போட்டு வாங்கலாம்னு இருக்கோம். எதை வாங்கறது?"

நான் துப்பாக்கியைத் தொட்டுக்கூடப் பார்த்ததில்லை. ஆனால் இது வேட்டைக் கேள்வி இல்லை, எடையும் வெப்பமும் சம்பந்தப்பட்ட கேள்வி. அதனால் ஒரு வாரம் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். எனக்குக் கிடைத்த விடை அவர் எதிர்பார்த்தது அல்ல.

முதலில், யார் சுமப்பது?

அமெரிக்க மேற்கில் அடுப்புள்ள வேட்டைக் கூடாரம் என்றால் பழைய ஆட்களுக்கு நினைவு வருவது கித்தான் வீடு: நேரான சுவர், கூரை, உள்ளே இரும்பு அடுப்பு. கித்தான் மூச்சு விடும், அதனால் உள்ளே ஈரம் தங்காது. தீப்பொறி பட்டால் நைலான் போல உருகி ஓட்டை விழாது. ஆனால் கம்பிச் சட்டம், அடுப்பு எல்லாம் சேர்த்தால் 40 கிலோவைச் சுலபமாகத் தாண்டும். குதிரையோ கோவேறு கழுதையோ சுமந்தால், அல்லது வண்டி பக்கத்திலேயே நின்றால், இதற்கு இணை கிடையாது. 1964ஆம் ஆண்டுச் சட்டப்படி காக்கப்பட்ட காட்டுப் பகுதிகளில் மோட்டார் வண்டி மட்டுமல்ல, சைக்கிளும் தள்ளுவண்டியும்கூடக் கூடாது. அங்கே நடந்து போகிறவருக்குக் கித்தான் ஒத்துவராது.

அவருக்கு இருப்பது கூம்புக் கூடாரம். நடுவில் ஒரே கம்பம், சிலிக்கோன் பூசிய மெல்லிய நைலான் அல்லது பாலியஸ்டர் துணி, தரை விரிப்பு கிடையாது. புகைக்குழாய் வெளியே போகும் துளையைச் சுற்றி மட்டும் வெப்பம் தாங்கும் கண்ணாடியிழைத் துணி. உள்ளே மடக்கி எடுத்துப் போகும் டைட்டேனியம் அடுப்பு. வடிவம் புதிதல்ல. சமவெளிப் பழங்குடிகளின் டிப்பியைப் பார்த்து ஹென்றி சிப்லி என்ற ராணுவ அதிகாரி 1856லேயே இப்படி ஒற்றைக் கம்பக் கூடாரத்துக்குக் காப்புரிமை வாங்கினார். ஒரு டஜன் சிப்பாய்கள் படுப்பார்கள், கூம்பு வடிவ அடுப்பும் உண்டு.

"எட்டுப் பேர்" அளவுக் கூடாரம் சுமார் மூன்றரை கிலோ, அடுப்பு ஒன்றரை முதல் இரண்டு கிலோ என்று வைத்துக்கொள்வோம். நான்கு பேர் பிரித்துச் சுமந்தால் ஆளுக்கு 1.4 கிலோகூட வராது. ஆளுக்கொரு தனி டென்ட் கொண்டுபோனாலும் இதே எடைதான். எடையைச் சொல்லி அடுப்பை ஒதுக்க முடியாது என்பது எனக்கே ஆச்சரியம். ஆனாலும் ஒவ்வொரு கிராமும் திரும்பிவர வேண்டும். எல்க் விழுந்துவிட்டால் எலும்பு நீக்கிய கறியே 80, 100 கிலோ இருக்கும். அதையும் இதே நாலு முதுகுகள்தான் இறக்க வேண்டும்.

எட்டுப் பேர் என்றால் எத்தனை பேர்?

5 மீட்டர் விட்டம், நடுவில் 2.4 மீட்டர் உயரம் என்று எடுத்துக்கொண்டேன். தரைப் பரப்பு கிட்டத்தட்ட 20 சதுர மீட்டர். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் சுவர் சரிவானது. ஓரத்திலிருந்து 60 சென்டிமீட்டர் உள்ளே வந்தாலும் துணி உங்கள் தலைக்கு மேலே 58 சென்டிமீட்டரில்தான் தொங்கும். அந்த வளையத்தில் பை வைக்கலாம், ஈர பூட்ஸ் வைக்கலாம், எழுந்து உட்கார முடியாது. அதைக் கழித்தால் மிஞ்சுவது 11 சதுர மீட்டர். அடுப்புக்கும் அதைச் சுற்றி விட வேண்டிய இடைவெளிக்கும் இரண்டு போனால் 9. அதில்தான் நாலு பேர் படுக்கை, விறகு, நடமாட்டம் எல்லாம். அடுப்போடு என்றால், கடைக்காரர் சொல்லும் எண்ணில் பாதி. நாலு பேருக்கு எட்டுப் பேர் கூடாரம் ஆடம்பரமில்லை, அதுதான் சரியான அளவு.

அடுப்பு எவ்வளவு சூடு தரும்?

இதுதான் முக்கியமான கணக்கு. காய்ந்த விறகு ஒரு கிலோவில் சுமார் 15 மெகாஜூல் இருக்கிறது. சின்ன அடுப்பு மணிக்கு இரண்டு கிலோ எரித்தால் 8 கிலோவாட். பாதி புகைக்குழாய் வழியே போய்விடும் என்று வைத்தாலும் 4 கிலோவாட் உள்ளே கிடைக்கும்.

இனி இழப்பு. இந்தக் கூம்பின் துணிப் பரப்பு 27 சதுர மீட்டர். ஒற்றைத் துணிக்கு வெப்பம் தடுக்கும் திறன் அநேகமாக இல்லை. துணி வழியாகவும் அடியில் காற்றுப் புகுவதாலும், உள்ளுக்கும் வெளிக்கும் ஒவ்வொரு டிகிரி வித்தியாசத்துக்கும் சுமார் 200 வாட் போகும் என்பது என் தோராயம். 4,000ஐ 200ஆல் வகுத்தால் 20. வெளியே மைனஸ் 8 என்றால் உள்ளே 12 டிகிரி. பிரமாதம்!

சரி, அடுப்பு அணைந்ததும்? தூங்கும் ஒரு மனித உடல் 80 வாட் அளவுக்குத்தான் வெப்பம் தரும். நாலு பேருக்கு 320 வாட். அதே 200ஆல் வகுங்கள்: ஒன்றரை டிகிரி. அவ்வளவுதான். மைனஸ் 8 வெளியே, மைனஸ் 6 உள்ளே. மெல்லிய டைட்டேனியம் சட்டென்று சூடாகும், அதே வேகத்தில் ஆறியும்விடும். ராத்திரி முழுக்க எரிக்க வேண்டுமென்றால் எட்டு மணி நேரத்துக்கு 16 கிலோ விறகு வேண்டும். முக்கால் மணிக்கு ஒருமுறை யாராவது எழுந்து போடவும் வேண்டும். யாரும் எழுந்திருக்க மாட்டார்கள்.

ஆக, அடுப்பு தூங்குவதற்கு அல்ல, காயவைப்பதற்கு. மலையில் ஆளைச் சாய்ப்பது வெறும் குளிரைவிட, ஈரத்தோடு சேர்ந்த குளிர். பனியில் நனைந்த சாக்ஸும் வியர்வையில் ஊறிய சட்டையும் இரவு ஏழு மணிக்குள் காய்ந்துவிட்டால் மறுநாள் வேறு மாதிரி விடியும். யாராவது ஓடையில் விழுந்து நடுங்கிக்கொண்டு வந்தால், பத்து நிமிடத்தில் சூடான அறை கிடைக்கிறது. ஐந்து நாள் பயணத்தில் இதன் மதிப்பு பெரிது. ஆனால் ஸ்லீப்பிங் பேகை அடுப்பே இல்லை என்று நினைத்து வாங்க வேண்டும். "அடுப்புதான் இருக்கே" என்று மெல்லிய பை வாங்குவது இந்த விஷயத்தில் செய்யக்கூடிய பெரிய தப்பு.

சரி, காஸ் ஹீட்டர் கொண்டுபோகலாமே என்று கேட்கலாம். ஒரு கிலோ புரோபேன் எரிந்தால் 1.6 கிலோ நீராவி வரும். புகைக்குழாய் இல்லாததால் அத்தனையும் கூடாரத்துக்குள்தான். காயவைக்கப் போனவர் நனைந்து திரும்புவார்.

தலைவலி வந்தால்

கார்பன் மோனாக்சைடுக்கு நிறமோ வாசனையோ கிடையாது. ரத்தத்தின் ஹீமோகுளோபினோடு ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். தீ நன்றாக எரியும்போது குழாய் புகையை இழுத்துக்கொண்டு போகும். ஆபத்தான நேரம் தணல் நிலை. கங்கு இந்த வாயுவை வெளியிட்டுக்கொண்டே இருக்கும், குழாயோ ஆறி, இழுப்பு குறைந்திருக்கும். அப்போதுதான் எல்லோரும் அசந்து தூங்குவார்கள். போதாததற்கு, பனி பெய்து கூடாரத்தின் அடி இடைவெளியை அடைத்துவிட்டால் காற்று வர வழியில்லை.

இதில் என்னைப் பயமுறுத்தியது வேறொன்று. தலைவலி, குமட்டல், சோர்வு, இவைதான் இந்த விஷவாயுவின் ஆரம்ப அறிகுறிகள். 3,000 மீட்டர் உயரத்தில் மலை நோய்க்கும் அச்சு அசல் இதே அறிகுறிகள்தான். "ஹைட் ஒத்துக்கலை" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொள்வார்கள். உள்ளே இருக்கும்போது இரண்டு பேருக்கு ஒரே நேரத்தில் தலை வலித்தால் காரணம் தேடாதீர்கள், முதலில் எல்லோரும் வெளியே வாருங்கள். பேட்டரியில் இயங்கும் எச்சரிக்கைக் கருவி ஒன்று கட்டாயம் வேண்டும். குளிரில் சாதாரண பேட்டரி சோர்ந்துவிடும், லித்தியம் போடுங்கள். மேலும் கீழும் காற்று வழி திறந்திருக்க வேண்டும். கடைசி விறகு சீக்கிரம் எரிந்து தீரட்டும், காற்றுக் கதவை மூடித் தணலை நீட்டிக்க வேண்டாம்.

விறகு இருக்கிறதா?

கொலராடோவில் சுமார் 3,500 மீட்டருக்கு மேல் மரம் கிடையாது. முகாம் அங்கே என்றால் அடுப்பு வெறும் சுமை. வறண்ட ஆண்டுகளில் தீத் தடை வரும். தடை கடுமையானால் விறகு அடுப்பையும் அது கட்டுப்படுத்தும். கிளம்புவதற்கு முந்தின நாள் வன அலுவலகத்தில் விசாரித்துவிட வேண்டும். இரண்டில் எது பொருந்தினாலும், அடுப்பை வீட்டிலேயே வைத்துவிட்டு, பனிக்காலத்துக்கான இரட்டைத் துணி டென்ட் எடுத்துப்போவதே மேல்.

நண்பருக்கு எழுதிய பதில் இது: மரங்கள் உள்ள இடத்தில் முகாம் போடுங்கள். எட்டுப் பேர் அளவுக் கூம்பு வாங்குங்கள். பாலியஸ்டர் கிடைத்தால் அதையே எடுங்கள், நைலான் நனைந்தால் தொய்ந்துபோகும். அடுப்பில் தீப்பொறி தடுக்கும் வலை இருக்கிறதா என்று பாருங்கள். எல்லோரும் ஒரே கூடாரத்தை நம்பி இருப்பதால், மானைத் துரத்திப் போய் இருவர் இருட்டில் மாட்டிக்கொண்டாலும் சமாளிக்க, ஆளுக்கொரு சின்னத் தார்ப்பாய் பையிலேயே இருக்கட்டும். போவதற்கு முன் ஒரு சனிக்கிழமை ராத்திரி வீட்டுக் கொல்லையில் கட்டி, அடுப்பு மூட்டி, எச்சரிக்கைக் கருவியோடு நாலு பேரும் படுத்துப் பாருங்கள்.

"எங்கிட்ட இருக்கிறது கோடைக்கால ஸ்லீப்பிங் பேக். முதல்ல அதை மாத்தணும்" என்று பதில் வந்தது. கூடாரத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.