ஹார்டு டிஸ்க் குடிபெயரும் விதம்

நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனம் பதிவுபெற்ற அதே 1956-ஆம் ஆண்டில், அமெரிக்காவின் ஐபிஎம் நிறுவனத்தார் இரண்டடி விட்டமுள்ள ஐம்பது காந்தத் தகடுகளை ஓர் அச்சில் கோத்து, ஏறத்தாழ ஐம்பது லட்சம் எழுத்துக்களைத் தாங்கவல்ல ரமாக் என்னும் யந்திரத்தை வெளியிட்டனர். பீரோவைவிடப் பெரிதாயிருந்த அந்தச் சாதனத்தின் சந்ததிதான், இன்று உள்ளங்கையில் அடங்கி, நெய்வேலி நகரியத்து வீடுகளிலும் கடைவீதியின் டிடிபி நிலையங்களிலும் கணிப்பொறிக்குள்ளே சுழன்றுகொண்டிருக்கும் ஹார்டு டிஸ்க்.

அது நிரம்பிவிட்டால் பெரியதொன்றை வாங்கி மாட்டுவது சிரமமன்று. பழையதில் இருந்தவை யாவும் இருந்தபடியே புதியதில் வந்து அமர்வதிலேதான் சூட்சுமம் இருக்கிறது. சிறிய குவார்ட்டர்ஸிலிருந்து பெரிய குவார்ட்டர்ஸுக்கு மாறும் குடும்பத்தார் பாத்திரம் பண்டங்களை வண்டியேற்றிக் கொண்டுபோனால் அன்று மாலையே அடுப்பு மூட்டிவிடலாம். கணிப்பொறியோ, எல்லாக் கோப்புகளையும் நகலெடுத்துப் புதிய வட்டில் வைத்த பின்னும், விழித்தெழ மறுத்து வெறும் கருந்திரையைக் காட்டி நிற்கும்.

காரணம் இதுதான். மின்சாரம் பாய்ந்த க்ஷணத்தில் கணிப்பொறிக்கு விண்டோஸ் என்றோ லினக்ஸ் என்றோ எதுவும் தெரியாது. பழைய முறையில் அமைந்த வட்டானால், அது முதற்காரியமாக வட்டின் முதல் செக்டரைப் படிக்கும். 512 பைட் அளவேயுள்ள அந்தச் சிறு இடத்தில் 446 பைட் துவக்க நிரலுக்கும், 64 பைட் வட்டு எத்தனை பகுதிகளாகப் பிரிந்திருக்கிறது என்ற எல்லைக் கணக்குக்கும், எஞ்சிய 2 பைட் முத்திரைக்கும் ஒதுக்கப்பட்டுள்ளன. இந்தச் செக்டர் எந்தக் கோப்புக்கும் உரியதன்று. ஆகையால் கோப்புகளை மட்டும் நகலெடுப்பவர் கையில் அது அகப்படுவதேயில்லை. எனவே கோப்பு என்ற கணக்கையே விட்டுவிட்டு, முதல் செக்டர் தொடங்கி வரிசை பிறழாமல் வட்டு முழுவதையும் பிரதி செய்கிறார்கள். அதற்கே குளோனிங் என்று பெயர்.

இதன் அவசியத்தைத் தமிழ்நாட்டார் உணர நல்ல உதாரணம் ஒன்று உண்டு. 2011-இல் தொடங்கித் தமிழக அரசு மாணவர்களுக்கு வழங்கிய இலவச மடிக்கணினிகளுள் முற்பட்ட பலவற்றில், விண்டோஸும் சி-டாக் நிறுவனத்தின் சென்னைப் பிரிவு உருவாக்கிய பாஸ் லினக்ஸும் ஒரே வட்டில் அருகருகே குடியிருந்தன. இயக்கும்போது எது வேண்டுமென்று கேட்கும் நிரலின் துவக்கப் பகுதி, கோப்புகளுக்கு அப்பால், வட்டின் ஆரம்பத்தில் இருந்தது. இத்தகைய வட்டைக் கோப்பு கோப்பாக மாற்ற முயன்றால் இரண்டு அமைப்புகளும் எழாமற்போகும். கடைகளில் ‘ஃபார்மேட் பண்ணி விண்டோஸ் போட்டுத் தருகிறோம்’ என்பது சம்பிரதாயமாகிவிட்டது. அப்படிச் செய்தால் லினக்ஸ் போய்விடும் என்பதோடு, யூனிகோடுக்கு முற்பட்ட வானவில், பாமினி முதலிய எழுத்துருக்களும் போய்விடும். அவை இல்லாத கணிப்பொறியில், அவற்றில் தட்டச்சு செய்த பழைய தமிழ் ஆவணங்கள் பொருளற்ற குறிகளாகத் தெரியும். தமிழில் வேலை செய்வோர் ஃபார்மேட்டுக்கு இசையாமல் குளோனிங்கையே கேட்டுப் பெற வேண்டும் என்பது என் திடமான அபிப்பிராயம்.

யூனிக்ஸ் அமைப்பில் எழுபதுகளிலிருந்தே ‘டிடி’ என்ற கட்டளை இதைச் செய்துவருகிறது. 1995-இல் நியூசிலாந்தில் பிறந்த கோஸ்ட் என்னும் மென்பொருள் சாமானியரும் கையாளும்படி இதை எளிதாக்கியது. இன்று தைவானில் உருவான குளோன்சில்லா இலவசமாகவே கிடைக்கிறது. டிடி வெற்றிடங்களையும் விடாமல் பிரதி செய்யும். குளோன்சில்லா உபயோகத்திலுள்ள பகுதிகளை மட்டும் எடுப்பதால் விரைவில் முடிக்கும். 500 ஜிபி வட்டை, விநாடிக்கு 100 எம்பி வேகத்தில், ஒன்றுவிடாமல் நகலெடுக்க ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம் பிடிக்கும்.

வேலை முடிந்து புதிய 1 டிபி வட்டிலிருந்து கணிப்பொறி எழுந்ததும், வட்டு இன்னமும் 500 ஜிபி என்றே காட்டுவதைக் கண்டு பலர் திகைப்பார்கள். பழைய எல்லைக் கணக்கும் பிரதியாகி வந்ததே அதற்குக் காரணம். மிகுதி இடம் பின்னால் சும்மா கிடக்கும். பார்ட்டிஷனை விரிக்கும் மென்பொருளைக் கொண்டு அதைச் சேர்த்துக்கொள்ளலாம். இடையில் விண்டோஸின் மீட்புப் பகுதி குறுக்கே நின்றால், முதலில் அதை வட்டின் கடைசிக்கு நகர்த்த வேண்டும். ஜிபிடி என்னும் புதிய முறை, எல்லைக் கணக்கின் மறுபிரதி ஒன்றை வட்டின் இறுதியிலும் வைத்திருப்பது. பெரிய வட்டுக்கு வந்ததும் அம்மறுபிரதி நடுவிலே நின்றுவிடுமாதலால், அதையும் இறுதிக்குக் கொண்டுபோக வேண்டும். பழைய முறையின் கணக்கு ஏறத்தாழ 2 டிபி வரையே எட்டும் என்பதையும் வட்டு வாங்குமுன் நினைவிற் கொள்க.

யாவற்றினும் பெரிய ஆபத்து திசை மாறுவது. எது மூலம், எது பிரதி என்று தடுமாறி வெறும் வட்டைப் பழையதன்மீது எழுதிவிட்டால், எழுதப்பட்ட இடத்திலிருந்தவற்றை எவராலும் மீட்க முடியாது. ஆகவே வட்டுகளின் தயாரிப்பாளர் பெயரையும் கொள்ளளவையும் திரையில் ஒருமுறைக்கு இருமுறை ஒப்பிட்ட பின்னரே சம்மதம் கொடுக்க வேண்டும். பிரதி முடிந்தபின் இரண்டும் ஒரே அடையாள எண்ணைத் தாங்கியிருக்குமாதலால், பழையதைக் கழற்றிவிட்டே புதியதை முதன்முதலில் இயக்குவது உத்தமம். பழுதடையத் தொடங்கிய வட்டானால் டிடி-யை விட்டு டிடிரெஸ்க்யூவை நாடுங்கள்; அது நல்ல பகுதிகளை முதலில் காப்பாற்றிக்கொண்டு, கெட்டவற்றைப் பின்னரே தொடும்.

சுரங்கத்துக்கென நிலமும் வீடும் கொடுத்துப் பெயர்ந்த கிராமத்தார் நெய்வேலிப் பக்கத்தில் பலர். அக்கிராமத்துத் தெருவும் கோயிலும் கல்யாணப் பந்தலும் பதிந்த படங்கள் இனி எவராலும் எடுக்க இயலாதவை. அத்தகைய படங்கள் உங்கள் வட்டில் இருக்குமானால், புதியது நன்றாக இயங்குகிறதே என்று பழையதை அழித்து விற்றுவிடாதீர்கள். சில மாதங்கள் அதைத் தொடாமல் பத்திரமாக வையுங்கள். அதற்குள், வேறொரு வட்டில் இன்னுமொரு பிரதியும் எடுத்துவிடுங்கள்.