எண்ணெய் தேடியவர்கள் – 9: மேகம் விலகிய சில நிமிடங்கள்

போன வாரம், 1908-இல் மஸ்ஜித்-இ-சுலைமானில் எண்ணெய் பீறிட்ட கதையைப் பார்த்தோம். ஒரு கிணறு கிடைத்ததும் அடுத்ததை எங்கே தோண்டுவது என்று சொல்ல ஆங்கிலோ-பெர்ஷியன் கம்பெனிக்குப் பாறை படித்தவர்கள் தேவைப்பட்டார்கள். முதல் உலகப் போர் முடிந்தபின் அப்படி வந்து சேர்ந்தவர்களில் ஒருவர் நோயல் ஓடெல்.

1890-இல் கிறிஸ்துமஸ் அன்று வைட் தீவில் பிறந்தவர். லண்டன் இம்பீரியல் கல்லூரியில் நிலவியல் படித்தார். போரில் ராயல் எஞ்சினியர்ஸ் படையில் இருந்து, காயங்களோடு திரும்பினார். கம்பெனியில் அவர் வேலை பார்த்தது 1922 முதல் 1925 வரைதான். இதற்காக அவரை எண்ணெய்த் தொடரில் சேர்க்கலாமா என்று கேட்பவர்களுக்கு என்னிடம் வலுவான பதில் இல்லை. ஆனால் அந்தத் தொழில் பழக்கிய கண் இல்லாவிட்டால், நூறாண்டாக நடக்கும் ஒரு வழக்குக்குச் சாட்சியே இருந்திருக்காது.

ஜாக்ரோஸ் மலைகளில் எண்ணெய் தேடுவதென்றால், வில்லாக வளைந்த பாறை மடிப்புகளைத் தேடுவது. அடியில் விரிசல் ஓடிய அஸ்மாரி சுண்ணாம்புப் பாறை. அதில்தான் எண்ணெய் தங்கும். மேலே அது கசிந்துவிடாமல் மூடி நிற்கும் உப்பும் அன்ஹைட்ரைட்டும். எல்லாம் பழைய கடல் விட்டுப்போனவை. சுத்தியலும் கையுமாக நடந்து, எந்த அடுக்கு எந்தப் பக்கம் சாய்கிறது என்று வரைபடத்தில் குறிப்பதே பிழைப்பு. இந்த வேலைக்கு நடுவில்தான் 1924-இல் ஓடெல் எவரெஸ்ட் குழுவுக்கு வந்தார்.

முந்தைய ஆண்டு ஸ்பிட்ஸ்பெர்கன் பனிவெளியில் தன்னோடு ஸ்லெட்ஜ் இழுத்த ஆக்ஸ்ஃபோர்டு மாணவன் ஒருவனை இந்தக் குழுவுக்குச் சிபாரிசு செய்தவரும் அவரே. அந்தப் பையன் ஆண்ட்ரூ இர்வின், வயது 22. மலையேற்ற அனுபவம் குறைவு. ஆனால் இயந்திரம் எதுவானாலும் பிரித்து மாட்டிவிடுவான். அடிக்கடி மக்கர் செய்த ஆக்சிஜன் கருவிகளை அவன்தான் சரிசெய்துகொண்டிருந்தான். உச்சிக்கான கடைசி முயற்சிக்குக் குழுவின் முன்னணி மலையேறி ஜார்ஜ் மாலரி துணையாகத் தேர்ந்தெடுத்ததும் அவனைத்தான். ஓடெலின் உடம்பு அந்த உயரத்துக்குத் தாமதமாகவே பழகியது. பழகியபிறகோ, குழுவிலேயே தெம்பாக இருந்தவர் அவர்தான். அதற்குள் ஜோடி முடிவாகிவிட்டது.

ஜூன் 8. மாலரியும் இர்வினும் முன்னே போய்விட்டார்கள். பின்னால் ஓடெல் தனியாக, ஆக்சிஜன் இல்லாமல், ஐந்தாம் முகாமிலிருந்து ஆறாம் முகாமுக்கு ஏறுகிறார். நேர்வழியில் போகவில்லை. பாறை அமைப்பைப் பார்ப்பதற்காக வடக்கு முகப்பில் சுற்றிக்கொண்டு போனார். அங்கே, 7,700 மீட்டருக்கும் மேலே, புதைபடிவங்கள் கிடைத்தன. எவரெஸ்ட்டில் ஐயத்துக்கு இடமில்லாமல் கிடைத்த முதல் கடல் உயிர்த் தடயம் அது. மூச்சு விடவே திணற வேண்டிய இடத்தில் ஒருவர் குனிந்து கல்லைப் புரட்டியிருக்கிறார் என்பது எனக்கு அவருடைய எல்லாச் சாதனைகளையும்விடப் பெரியதாகத் தோன்றுகிறது. அந்தச் சிகரத்தின் உச்சியே சுமார் 45 கோடி ஆண்டுப் பழைய கடற்சுண்ணாம்புதான் என்பது பிற்பாடு உறுதியானது.

அந்த உற்சாகத்திலேயே ஒரு சிறு குன்றின் மேல் ஏறி நின்றபோது, மணி 12.50, மேகம் விலகியது. மேலே பனி முகட்டில் ஒரு கரும்புள்ளி நகர்ந்தது, பின்னாலேயே இன்னொன்று. முதல் புள்ளி பாறைப் படியை நெருங்கி, அதன்மேல் தெரிந்தது. மேகம் மூடிக்கொண்டது. அதற்குப்பின் அவ்விருவரையும் உயிரோடு யாரும் பார்க்கவில்லை. அவர்கள் உச்சியைத் தொட்டார்களா என்பதுதான் அந்த நூறாண்டு வழக்கு.

இரண்டு நாள் கழித்து மறுபடியும் 8,100 மீட்டருக்கு ஏறிப் போனார் ஓடெல். சுமந்து சென்ற ஆக்சிஜனால் பெரிய பலன் இல்லையென்று குழாயை மூடிவிட்டார். ஆறாம் முகாம் காலியாக இருந்தது. இரண்டு தூக்கப்பைகளைப் பனியில் 'டி' வடிவில் விரித்தார். கீழே இருந்தவர்களுக்கு அது 'தடயமில்லை' என்ற சமிக்ஞை.

முகட்டில் அடுத்தடுத்து நிற்கும் பாறைப் படிகளில் தான் பார்த்தது இரண்டாவது படி என்றுதான் ஓடெல் முதலில் எழுதினார். அவ்வளவு செங்குத்தான பாறையை அத்தனை சீக்கிரம் ஏற முடியாதே என்று பலரும் துளைத்தெடுக்க, முதல் படியாகவும் இருக்கலாம் என்று இறங்கி வந்தார். இதைவைத்து அவரை நம்பத்தகாத சாட்சி என்பவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. மேக இடுக்கில் சில நிமிடம் பார்த்ததைப் பற்றி அறுபது வருடத்துக்கு மேலாகக் குறுக்கு விசாரணை செய்தால் யாருக்குத்தான் தடுமாறாது?

அவரோ அந்த ஒரு நாளோடு நின்றுவிடவில்லை. ஹார்வர்டிலும் கேம்பிரிட்ஜிலும் பாடம் நடத்தினார். லாப்ரடாருக்கும் கிரீன்லாந்துக்கும் பாறை பார்க்கப் போனார். 47 வயதில் மறுபடியும் எவரெஸ்ட். இரண்டாம் உலகப் போர் வந்ததும் ஐம்பதை நெருங்கிய வயதில் திரும்பவும் சீருடை, இம்முறை வங்காள சாப்பர்ஸ் படைப்பிரிவில். பிறகு நியூசிலாந்தின் ஒட்டாகோவிலும் பெஷாவரிலும் பேராசிரியர். 1987 பிப்ரவரியில், 96 வயதில் கேம்பிரிட்ஜில் காலமானார். மாலரியின் உடல் கிடைத்தது 1999-இல். இர்வினின் பாதம், பெயர் தைத்த காலுறையோடு, 2024-இல். இருவரும் கொண்டுபோனதாகச் சொல்லப்படும் கேமரா இன்னும் கிடைக்கவில்லை.

1936-இல், 45 வயதில், மலையேறி டில்மனோடு அவர் நந்தா தேவி உச்சியில் நின்றதை இங்கே வேண்டுமென்றே விட்டுவிட்டேன். அடுத்த 14 ஆண்டுகளுக்கு அதைவிட உயரமான சிகரம் எதிலும் மனிதக் கால் படவில்லை. அந்தக் கதையில் கெட்டுப்போன ஒரு டின் இறைச்சிக்கும் பங்கு உண்டு. அது அடுத்த வாரம்.