மனநலச் சிகிச்சைக்குக் காப்பீடு கைகொடுக்குமா?

நெஞ்சுப் படபடப்பு, மூச்சுத்திணறல், உடம்பெல்லாம் வியர்வை. மாரடைப்பு என்று பயந்து நள்ளிரவில் அவசரப் பிரிவுக்கு ஓடி வருகிறார் ஓர் இளைஞர். இ.சி.ஜி. சரியாக இருக்கிறது. ‘இதயத்தில் கோளாறு இல்லை. இது பதற்றத் தாக்குதல். மனநல மருத்துவரைப் பாருங்கள்’ என்று அனுப்புகிறார்கள். மனநல மருத்துவரோ மாத்திரை எழுதிக் கொடுத்து, வாரம் ஒருமுறை வீதம் மூன்று மாதங்களுக்கு உளவியல் சிகிச்சைக்கும் வரச் சொல்கிறார். ஐந்து லட்சத்துக்கு பாலிசி இருக்கிறதே என்ற தைரியத்தில் அவர் ரசீதுகளை அனுப்பினால், கிளெய்ம் நிராகரிக்கப்படுகிறது. கைக்காசு தீர்ந்ததும் சிகிச்சையும் பாதியில் நின்றுபோகிறது.

மனநலச் சிகிச்சை பாதியில் நிற்பது நோயைவிட ஆபத்தானதாக மாறலாம். பாலிசி எதற்குப் பணம் தரும், எதற்குத் தராது என்பதை முன்கூட்டியே தெரிந்துகொண்டால் இந்த நிலையைத் தவிர்க்கலாம்.

சட்டம் என்ன சொல்கிறது?

மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017-இன் பிரிவு 21(4) தெளிவாக இருக்கிறது. உடல்நோய்க்கு எந்த அடிப்படையில் மருத்துவக் காப்பீடு தரப்படுகிறதோ, அதே அடிப்படையில் மனநோய்க்கும் தர வேண்டும். 2018 மே மாதம் சட்டம் நடைமுறைக்கு வந்தது. அந்த ஆண்டு ஆகஸ்டிலேயே காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. இதைப் பின்பற்றும்படி எல்லா நிறுவனங்களுக்கும் சுற்றறிக்கை அனுப்பியது. மனநோய்க்கு மட்டும் குறைவான உச்சவரம்பு வைப்பது செல்லாது என்று 2021-இல் டெல்லி உயர் நீதிமன்றம் ஒரு வழக்கில் தீர்ப்பளித்தது. 2022 அக்டோபர் 31-க்குள் எல்லா பாலிசிகளும் மனநோயை உள்ளடக்க வேண்டும் என்று ஆணையம் கெடு விதித்தது.

ஆகவே, ‘மனநோய்க்கு எங்கள் பாலிசியில் இடமில்லை’ என்று இன்று எந்த நிறுவனமும் சொல்ல முடியாது.

அப்படியானால் ரசீது ஏன் திரும்பி வருகிறது?

நம் ஊர் மருத்துவக் காப்பீடு பெரும்பாலும் உள்நோயாளிகளுக்கானது. குறைந்தது 24 மணி நேரம் மருத்துவமனையில் சேர்ந்திருந்தால்தான் பணம் கிடைக்கும். காய்ச்சலுக்கு டாக்டரைப் பார்த்துவிட்டு வந்தால் அந்த பீஸை நிறுவனம் தராது. அதே விதியைத்தான் உளவியல் சிகிச்சைக்கும் வைக்கிறார்கள். ஏட்டளவில் இது சமத்துவம்தான்.

ஆனால் காய்ச்சலுக்கு ஒருமுறை கொடுக்கும் பீஸும், மாதக்கணக்கில் வாராவாரம் கொடுக்கும் பீஸும் ஒன்றல்ல. மனச்சோர்வு, பதற்றம், எண்ணச் சுழற்சி நோய் போன்றவற்றுக்கான சிகிச்சையின் பெரும்பகுதி படுக்கையில் நடப்பதில்லை. எதிரெதிரே நாற்காலியில் உட்கார்ந்து பேசுவதில்தான் நடக்கிறது. படுக்கைக்கு மட்டும் பணம் தரும் பாலிசி, மனநோயாளிகளில் பெரும்பாலோருக்குப் பயன்படாமலேயே போகிறது.

ஒரு வழி இருக்கிறது. நோய் முற்றி மருத்துவமனையில் சேர நேர்ந்தால், சேர்வதற்கு முந்தைய 30 நாள், வீடு திரும்பிய பின் 60 நாள் செலவுகளையும் பல பாலிசிகள் ஏற்கின்றன. அந்த நாள்களுக்குள் அதே நோய்க்காக மருத்துவர் பரிந்துரைத்த உளவியல் சிகிச்சைக்கும் ரசீது கொடுத்துக் கேட்கலாம். பலர் இதைக் கேட்பதே இல்லை.

ஓ.பி. கவர் வாங்கும்போது

புறநோயாளிச் செலவுக்கான ஓ.பி. கவரைச் சில நிறுவனங்கள் கூடுதல் பிரீமியத்துக்குத் தருகின்றன. அலுவலகத்தின் குரூப் பாலிசியிலும் இது இருக்கலாம். ஏஜென்டின் வாய்வார்த்தையை நம்பாமல், இவற்றுக்கு எழுத்தில் பதில் வாங்குங்கள்:

• ஆண்டுக்கு எத்தனை ரூபாய் அல்லது எத்தனை அமர்வு?
• மனநல மருத்துவருக்கு மட்டுமா, மருத்துவ உளவியலாளருக்கும் சேர்த்தா?
• நிறுவனத்தின் பட்டியலில் உள்ளவரிடம்தான் போக வேண்டுமா?
• காத்திருப்புக் காலம் எவ்வளவு?

இரண்டாவது கேள்விதான் முக்கியம். மருந்து எழுதுபவர் மனநல மருத்துவர்; பேச்சுவழிச் சிகிச்சையைப் பெரும்பாலும் தருபவர் மருத்துவ உளவியலாளர். முன்னவருக்கு மட்டும் பணம் தரும் கவரால் சிகிச்சையின் பாதிச் செலவுகூடத் தேறாது. குடிப்பழக்கம், போதைப்பழக்கத்துக்கான சிகிச்சையைப் பல பாலிசிகள் விலக்குப் பட்டியலில் வைத்திருப்பதையும் கவனியுங்கள்.

ரசீதில் கவனம்

துண்டுச்சீட்டில் ‘ஆலோசனைக் கட்டணம்’ என்று எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்தால் அது கிளெய்முக்கு உதவாது. நோயாளியின் பெயர், தேதி, நோயின் பெயர், சிகிச்சையின் பெயர், சிகிச்சை அளித்தவரின் பதிவு எண் ஆகியவை ரசீதில் வேண்டும். மருத்துவ உளவியலாளர் என்றால் இந்திய மறுவாழ்வு கவுன்சிலின் பதிவு எண். கூடவே, உளவியல் சிகிச்சை தேவை என்று மனநல மருத்துவர் எழுதிய சீட்டையும் இணையுங்கள்.

மறைத்தால் நமக்கே நஷ்டம்

‘டிப்ரஷன் என்று எழுதினால் பாலிசி தர மாட்டார்கள்’ என்று பயந்து பலர் மறைக்கிறார்கள். பிறகு கிளெய்ம் கேட்கும்போது பழைய மருந்துச்சீட்டு ஒன்றே எல்லாவற்றையும் கெடுத்துவிடும். உள்ளதைச் சொல்லிவிட்டால், ஏற்கெனவே உள்ள நோய்க்கான காத்திருப்புக் காலம் அதிகபட்சம் 36 மாதம்தான். மனநோய் உள்ளவர்களையும் ஏற்கும் ஒரு பாலிசியைப் பொதுக் காப்பீட்டு நிறுவனங்களும் மருத்துவக் காப்பீட்டு நிறுவனங்களும் விற்க வேண்டும் என்று 2023-இல் ஆணையம் உத்தரவிட்டிருக்கிறது. ஒரு நிறுவனம் மறுத்தால், இந்த உத்தரவைச் சுட்டிக்காட்டி அந்த பாலிசியைக் கேளுங்கள்.

கிளெய்மை மறுத்துவிட்டால்

மறுப்புக்கான காரணத்தை, பாலிசியின் எந்த விதிப்படி என்பதோடு, எழுத்தில் கேளுங்கள். நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்குப் புகார் அனுப்புங்கள். ஒரு மாதத்துக்குள் பதில் வராவிட்டாலோ, பதில் திருப்தியாக இல்லாவிட்டாலோ, காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். சென்னையில் அலுவலகம் இருக்கிறது. கட்டணம் இல்லை, வக்கீல் தேவையில்லை. ஓராண்டுக்குள் போக வேண்டும் என்பதை மறக்கக் கூடாது.

பாலிசி இல்லையென்றால்

மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருந்து இ.எஸ்.ஐ. பிடித்தம் செய்யப்படுகிறவர்களுக்குப் புறநோயாளிச் சிகிச்சையும் மருந்தும் உண்டு. மனச்சிதைவு போன்ற தீவிர நோய்களுக்கு, நிபந்தனைகளுக்கு உட்பட்டு, நீண்டகால நோய்ப்பலனும் கிடைக்கும். மாவட்ட அரசு மருத்துவமனைகளிலும் அரசு மருத்துவக் கல்லூரிகளிலும் மனநலப் பிரிவுகள் இருக்கின்றன. சென்னையில் 18-ஆம் நூற்றாண்டிலேயே தொடங்கப்பட்ட அரசு மனநலக் காப்பகம் கீழ்ப்பாக்கத்தில் இயங்கிவருகிறது. பேச ஓர் ஆள் உடனே வேண்டுமென்றால் 14416 என்ற டெலி மானஸ் எண்ணை அழைக்கலாம். 24 மணி நேரமும் இலவசம், தமிழிலேயே பேசலாம்.

நாம் செய்ய வேண்டியது

வேலை செய்யும் இடத்தில் குரூப் பாலிசி புதுப்பிக்கும் மாதம் எது என்று விசாரியுங்கள். அதற்கு முன்பே, உளவியல் சிகிச்சைக்கான ஓ.பி. கவரைச் சேர்க்கும்படி சக ஊழியர்களோடு சேர்ந்து மனிதவளப் பிரிவில் மனுக் கொடுங்கள். தனி ஆளாகக் கேட்கக் கூச்சப்படுகிறவருக்கும் கூட்டாகக் கேட்பது பாதுகாப்பு. காப்பீடு கிடைக்கும்வரை சிகிச்சையைத் தள்ளிப்போட மட்டும் வேண்டாம். பணம் முடை என்றால் அதை மருத்துவரிடமே சொல்லுங்கள். தனியாரிடம் முடியாத சிகிச்சையை அரசு மருத்துவமனையில் தொடரலாம்; ஒரு வாரம்கூட இடைவெளி விழாமல் மாறிக்கொள்வதுதான் முக்கியம்.