கணினி திறந்ததும் என்னென்ன ஓடுகின்றன?

கணினியைப் போட்டதும் முகப்புத் திரை வந்துவிடுகிறது. ஆனாலும் எதைச் சொடுக்கினாலும் சில நிமிடங்களுக்கு ஒன்றும் நடப்பதில்லை. "மெஷின் பழசாயிடுச்சு, மாத்திடலாம்" என்ற முடிவுக்குப் பல வீடுகளில் சீக்கிரமே வந்துவிடுகிறார்கள். பணத்தை எடுத்து வைப்பதற்கு முன், அந்தச் சில நிமிடங்களில் உள்ளே என்ன நடக்கிறது என்று பார்த்துவிடுங்கள். பாட்டுக் கேட்கும் செயலி, அரட்டைச் செயலி, விளையாட்டுக் கடை, பிரிண்டரோடு வந்த உதவி மென்பொருள் என்று நிறுவிய பலவும், கணினி எழும்போதே தாமும் எழுந்துகொள்ள நம் பெயரில் அனுமதி எடுத்து வைத்திருக்கும். அந்த அனுமதியைத் திரும்பப் பெறும் உரிமை நமக்கு உண்டு.

விண்டோஸில் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் ஸ்டார்ட்அப் என்ற பகுதி இருக்கிறது. விண்டோஸ் 7 வரை எம்எஸ்கான்ஃபிக் என்ற கருவியில் இருந்த இந்தப் பட்டியல், 2012இல் வந்த விண்டோஸ் 8 முதல் இங்கே இடம்பெயர்ந்தது. ஒவ்வொரு செயலிக்கும் எதிரே ஹை, மீடியம், லோ என்று ஒரு குறிப்பு இருக்கும். தொடங்கும்போது பிராசஸரின் நேரத்தில் 1 நொடிக்கு மேலோ, டிஸ்க்கில் 3 எம்பிக்கு மேலோ பயன்படுத்தினால் அது ஹை.

3 எம்பி என்பது ஒரு புகைப்படத்தின் அளவுதான். எஸ்எஸ்டி உள்ள கணினிக்கு அது பொருட்டே இல்லை. சுழலும் ஹார்ட் டிஸ்க் உள்ள பழைய கணினியில்தான் சிக்கல். ஒரே குழாயடியில் பத்துக் குடங்கள் முட்டிக்கொள்வதைப் போல, பத்துச் செயலிகளும் ஒரே நேரத்தில் டிஸ்க்கைக் கேட்கும். படிக்கும் முனை அங்கும் இங்கும் ஓடியே நேரம் போகும். அங்கே நான்கைந்தை நிறுத்தினாலே வித்தியாசம் தெரியும்.

டிசேபிள் செய்தால் செயலி அழிந்துவிடாது. நாமாகத் திறக்கும்போது வழக்கம்போல வேலை செய்யும். ஆகவே இந்தப் பட்டியலில் தைரியமாகக் கைவைக்கலாம். ஆன்டிவைரஸையும் டச்பேட், ஒலி சார்ந்தவற்றையும் மட்டும் விட்டுவிடுங்கள். கோப்புகளை இணையத்தில் சேமிக்கும் செயலியை நிறுத்தினால், அதைத் திறக்கும்வரை புதுக் கோப்புகள் அங்கே போய்ச் சேராது என்பதும் நினைவிருக்கட்டும்.

பின்னணியில் ஓடும் சர்வீஸ்கள் வேறு வகை. அவற்றுக்குச் சன்னல் கிடையாது. யாரும் பாஸ்வேர்டு போட்டு உள்ளே நுழைவதற்கு முன்பே அவற்றில் பல ஓடத் தொடங்கிவிடும். சிலவற்றுக்கு நம் கணக்கைவிட அதிக அதிகாரமும் உண்டு. ஒன்றை நம்பி இன்னொன்று இருக்கும்: விண்டோஸ் ஆடியோ எண்ட்பாயின்ட் பில்டர் என்ற சர்வீஸை நிறுத்தினால், அதைச் சார்ந்த விண்டோஸ் ஆடியோவும் நின்று, கணினி ஊமையாகிவிடும். "இந்த நாற்பதையும் நிறுத்துங்கள், கணினி பறக்கும்" என்று சொல்லும் வீடியோக்களைப் பின்பற்ற வேண்டாம் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான். டாஸ்க் மேனேஜரில் எஸ்விசிஹோஸ்ட் என்ற பெயர் டஜன் கணக்கில் தெரிவதைப் பார்த்து வைரஸ் என்று பதறவும் வேண்டாம். 3.5 ஜிபிக்கு மேல் நினைவகம் உள்ள கணினிகளில் 2017 முதல் பெரும்பாலான சர்வீஸ்கள் தனித்தனி எஸ்விசிஹோஸ்டில் ஓடுகின்றன. ஒன்று விழுந்தால் மற்றவை விழாமலிருக்கவே இந்த ஏற்பாடு.

அப்படியானால் எதையுமே தொடக்கூடாதா? தொடவேண்டிய ஒன்றை 2021 காட்டியது. பிரிண்ட் ஸ்பூலர் என்ற சர்வீஸ், பிரிண்டரே இல்லாத வீட்டிலும் தானாக ஓடும். அதுவும் கணினியின் உச்ச அதிகாரத்தோடு. பிரிண்ட்நைட்மேர் எனப் பெயர்பெற்ற அதன் ஓட்டை வழியாக, வெளியாள் ஒருவர் அதே அதிகாரத்தோடு தன் நிரலை ஓட்ட முடிந்தது. மைக்ரோசாஃப்ட் அந்த ஜூலையில் வழக்கமான நாளுக்குக் காத்திராமல் அவசரத் திருத்தம் வெளியிட்டது. ஆதரவு முடிந்துபோன விண்டோஸ் 7க்கும் சேர்த்து. பிரிண்டர் இல்லாதவர்கள் இன்றும் அதை நிறுத்தி வைக்கலாம். ஆனால் ஒன்று, பிரிண்ட் கட்டளை வழியாகப் பிடிஎஃப் ஆக்கும் வசதியும் அதோடு போய்விடும்.

ரன் பெட்டியில் சர்வீசஸ் டாட் எம்எஸ்சி என்பதை ஆங்கிலத்தில் தட்டினால் முழுப் பட்டியலும் வரும். ஒன்று தேவையில்லை என்று தோன்றினால் உடனே டிசேபிள் போடாதீர்கள், மேனுவலில் வையுங்கள். மேனுவல் என்றால் நாம்தான் போய் இயக்க வேண்டும் என்பதில்லை, வேறொரு நிரலுக்குத் தேவைப்பட்டால் அதுவே எழுப்பிக்கொள்ளும். டிசேபிள் ஆனதை, அந்த அமைப்பை மாற்றும்வரை யாராலும் எழுப்ப முடியாது. எம்எஸ்கான்ஃபிக்கின் சர்வீசஸ் பகுதியில் மைக்ரோசாஃப்டின் சர்வீஸ்களை மறைக்கும் கட்டத்தில் டிக் செய்தால் பட்டியல் சுருங்கி, வெளியிலிருந்து வந்தவை மட்டும் நிற்கும். ஆராய வேண்டியது அவற்றைத்தான். அவற்றிலும் பிரவுசரின் அப்டேட் சர்வீஸை விட்டுவிடுங்கள். பாதுகாப்புத் திருத்தங்கள் அதன் வழியாகத்தான் வருகின்றன.

ஒரு சமயத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, அதை எழுதி வையுங்கள். பிறகு ஷட் டவுன் அல்ல, ரீஸ்டார்ட் கொடுங்கள். ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் இயங்கும் கணினியில் ஷட் டவுன் கொடுத்தால் விண்டோஸின் உட்கரு முழுதாக முடிவதில்லை. டிஸ்க்கில் சேமிக்கப்பட்டு மறுநாள் அப்படியே திரும்பி வருகிறது. ரீஸ்டார்ட் கொடுத்தால்தான் எல்லாம் புதிதாகத் தொடங்கி, செய்த மாற்றத்தின் பலன் சரியாகத் தெரியும்.