நெஞ்சுக்குள்ளே ஒரு ஷிப்ட் இன்சார்ஜ்!

மண்ணூர் ஸ்டாப்பில் கம்பெனி பஸ்ஸைத் துரத்திப் பிடித்த அனுபவம் உண்டா? ஓடும்போது நெஞ்சு 'தடதட'... ஸீட் கிடைத்ததும் 'அப்பாடா!' நிமிஷத்துக்கு 70 அடித்துக்கொண்டிருந்த இதயம் 120-க்கு எகிறி, சமர்த்தாக இறங்கியும் வந்துவிடுகிறது. நீங்கள் எந்தப் பட்டனையும் அமுக்கவில்லை!

எல்லாம் இதயத்தின் வலது மேலறையில் உட்கார்ந்திருக்கும் ஒரு சின்னத் திசுவின் வேலை. ஆர்டர் வந்தால் வேகத்தைக் கூட்டி, ஓய்ந்தால் குறைக்கிற ஷிப்ட் இன்சார்ஜ். அவர் படுத்துவிட்டாலோ, அவர் உத்தரவு கீழறைக்குப் போய்ச் சேராவிட்டாலோ தலைசுற்றல், மயக்கம். அப்போதுதான் பேஸ்மேக்கர்.

உடம்புக்குள் முதன்முதலில் பேஸ்மேக்கர் வைத்துக்கொண்டவர் ஸ்வீடன்காரர் ஆர்னே லார்சன். வருஷம் 1958. அந்தக் கருவி சில மணி நேரம்தான் உழைத்தது. மனிதர் அசரவில்லையே! 26 பேஸ்மேக்கர்கள் மாற்றி, 86 வயசு வரை வாழ்ந்து, 2001-ல்தான் விடைபெற்றார்.

அந்தக் காலத்துக் கருவிக்கு ஒரே ஸ்பீடுதான். தூங்கினாலும் 70, மாடி ஏறினாலும் 70. பாதிப் படியிலேயே மூச்சு வாங்கும்.

இப்போது வந்திருப்பது ஒயரே இல்லாத பேஸ்மேக்கர். பெரிய சைஸ் மாத்திரை மாதிரி இருக்கும் 'மைக்ரா' என்ற கருவி 2 கிராம்கூட இல்லை. தொடை ரத்தக்குழாய் வழியாகக் கொண்டுபோய், வலது கீழறையில் கொக்கி போட்டு மாட்டிவிடுகிறார்கள். நெஞ்சில் கீறல் இல்லை, தோலுக்கடியில் பெட்டி இல்லை. அமெரிக்காவில் 2016-ல் அனுமதி கிடைத்தது.

சரி, நீங்கள் ஓடுவது அதற்கு எப்படித் தெரியும்?

செல்போனைச் சாய்த்தால் படம் திரும்புகிறதே, அதே ஜாதி அசைவு சென்சார்தான்! ஸ்ரீபெரும்புதூர் ஃபேக்டரிகளில் நம் பிள்ளைகள் தினம் கோர்த்து அனுப்பும் போன்களில் இருப்பதன் ஒன்றுவிட்ட தம்பி. உடம்பு குலுங்கினால் 'ஐயா நடக்கிறார்' என்று துடிப்பைக் கூட்டும். 'அவெய்ர்' என்ற இன்னொரு கருவி ரத்தத்தின் சூட்டைப் பார்த்து முடிவு செய்கிறது. வேலை செய்தால் உடம்பு சூடாகுமில்லையா!

2020-ல் அனுமதி பெற்ற மைக்ராவின் அடுத்த மாடல், கீழறையில் இருந்தபடியே மேலறை சுருங்கும் அசைவை உணர்ந்து தாளம் போடுகிறது. 2023-ல் வந்த அவெய்ர் ஜோடிக் கருவியில் மேலே ஒன்று, கீழே ஒன்று. ரத்தம், தசை வழியே நுண்ணிய மின்துடிப்பு அனுப்பி, ஒவ்வொரு துடிப்புக்கும் பேசிக்கொள்கின்றன.

இவ்வளவு கெட்டிக்காரக் கருவிக்கும் ஒரு பலவீனம். அசைவு சென்சாருக்கு அசைவு மட்டும்தான் தெரியும். குண்டும் குழியுமான ரோட்டில் பஸ் தூக்கிப் போட்டால், உட்கார்ந்திருப்பவரை நடப்பவர் என்று நினைத்துவிடலாம். மேனேஜர் கூப்பிட்டுக் காய்ச்சும்போதோ, ஆடாமல் அசையாமல் நிற்கிறீர்கள்... அதைப் பொறுத்தவரை நீங்கள் ஓய்வெடுக்கிறீர்கள்!

அதனால்தான் செக்கப். எவ்வளவு அசைந்தால் கூட்ட வேண்டும், எதுவரை கூட்டலாம் என்பதை வெளியிலிருந்தே டாக்டர் மாற்றி அமைக்க முடியும். ஆனால் அவருக்கு விஷயம் தெரிய வேண்டுமே! வீட்டில் பேஸ்மேக்கர் வைத்த அப்பாவோ பெரியப்பாவோ இருந்தால், கூடப் போய் உட்காருங்கள். 'மூணாவது படியிலேயே மூச்சு வாங்குது', 'பஸ்ல போனா படபடங்குது', 'இன்னும் வயல் வேலை பார்க்கிறார்' என்று நீங்கள் சொல்லுங்கள். அவர்கள் சொல்ல மாட்டார்கள். "வயசாச்சு, அப்படித்தான் இருக்கும்" என்று முடித்துவிடுவார்கள்.

வயசாக இல்லாமலும் இருக்கலாம் சார். வெறும் செட்டிங்காக இருக்கலாம்!