தவக்காலத்தில் ஒரு தண்ணீர்ப் பாடம்

ஆலைத் தொழிலாளி, அலுவலகக் குமாஸ்தா, கொத்தனார், சித்தாள் எனப் பலதரப்பட்ட பெங்களூர்த் தமிழர்களும் ஞாயிறன்று ஒன்றாகக் கூடும் இடங்களில் சிவாஜி நகர் மரியன்னை ஆலயமும் ஒன்று. விபூதிப் புதன் முதல் ஈஸ்டர் வரையிலான தவக்காலத்தில் நெற்றியில் சாம்பல் பூசுவதும், வெள்ளிதோறும் பதினான்கு தலங்களில் நின்று ஜெபிக்கும் சிலுவைப் பாதையும், மாமிசம் விலக்குவதும் யாவரும் அறிந்தவை. ஆனால், இது பெரியவர்கள் படிப்பதற்கென்றே ஏற்பட்ட காலமாகவும் இருந்தது என்பது பலருக்குத் தெரியாது.

வெள்ளை அரிசி விளைந்த இடம்

செஞ்சிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்த தமிழ்க் கிறிஸ்தவர்கள் இங்கு நெல் பயிரிட்டார்கள் என்றும், அதனால் இவ்விடத்துக்குப் 'பிளி அக்கி பள்ளி' என்று பெயர் வந்தது என்றும் சொல்வார்கள். கன்னடத்தில் பிளி அக்கி என்றால் வெள்ளை அரிசி. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரெஞ்சுக் குருவான அபே துபுவா இங்கே சிறு கோயில் கட்டினார். இன்று நாம் காணும் உயர்ந்த கோபுரமுள்ள ஆலயம் 1882-ல் அபிஷேகம் செய்யப்பட்டது. தமிழ், கன்னடம், ஆங்கிலம் ஆகிய மூன்று மொழிகளிலும் இங்கு பூசை நடக்கிறது.

பெரியவர்களுக்கு ஏன் பாடம்?

ஆதித் திருச்சபையில் ஞானஸ்நானம் பெற விரும்பிய பெரியவர்கள் நெடுநாள் உபதேசம் கேட்டார்கள். ஈஸ்டருக்கு முந்திய வாரங்கள் அவர்களுடைய கடைசித் தயாரிப்பாக இருந்தன. பிற்காலத்தில் குழந்தைகளுக்கே ஞானஸ்நானம் கொடுப்பது வழக்கமாகிவிட, பெரியவர்களின் படிப்பு மங்கிப் போயிற்று. இரண்டாம் வத்திக்கான் சங்கம் (1962-65) அதை மீட்கச் சொன்னது. அதற்கான புதிய சடங்குமுறை 1972-ல் வெளியாயிற்று. அதே சங்கம்தான் லத்தீனில் நடந்த பூசையைத் தாய்மொழியில் நடத்தவும் வழி திறந்தது.

இந்த மாறுதலில் பெங்களூருக்குத் தனி இடம் உண்டு. தென்னாற்காட்டுக் கல்லேரியில் பிறந்த அமலோற்பவதாஸ் அடிகள், சங்கம் முடிந்த இரண்டே ஆண்டில், 1967-ல், விவிலியம், மறைக்கல்வி, வழிபாடு ஆகியவற்றுக்கான தேசிய நிலையத்தை இங்கே நிறுவினார். அவருடைய அண்ணன் லூர்துசாமி 1968 முதல் 1971 வரை பெங்களூர்ப் பேராயராக இருந்தார். 1985-ல் கர்தினாலாக உயர்ந்தார்.

சமாரியப் பெண்ணின் குடம்

தவக்காலத்தின் மூன்றாம், நான்காம், ஐந்தாம் ஞாயிறுகளுக்குரிய பழைய வாசகங்கள் மூன்று: கிணற்றடியில் சமாரியப் பெண், பிறவிக் குருடன், உயிர்த்தெழுந்த லாசர். தண்ணீர், ஒளி, உயிர் என்ற வரிசையில் படிப்போரை இவை அழைத்துச் செல்கின்றன. மூன்றாண்டுச் சுழற்சியில் முதலாண்டுக்குரியவை இவை. ஆனாலும், ஞானஸ்நானத்துக்குத் தயாராகிறவர்கள் உள்ள கோயிலில் எந்த ஆண்டும் வாசிக்கலாம்.

இவற்றில் முதல் பாடம் பெங்களூர்த் தமிழனை நேராகத் தொடும். யூதரும் சமாரியரும் ஒருவரோடொருவர் புழங்காத காலத்தில், பகையினத்துப் பெண்ணிடம் இயேசு குடிக்கத் தண்ணீர் கேட்கிறார். 1991 டிசம்பரில் காவிரித் தண்ணீரின் பேரால் இந்நகரில் தமிழர் பட்ட பாட்டை மூத்தவர்கள் மறக்கவில்லை. உயிர்கள் போயின, பல குடும்பங்கள் ஊரை விட்டு ஓடின. 2016 செப்டம்பரில் மீண்டும் பஸ்கள் எரிந்தன. இத்தனைக்கும் பிறகு ஒரே தெருக் குழாயில் கன்னடத்து அம்மாளும் தமிழ்நாட்டு அம்மாளும் குடம் வைக்கிறார்கள். அந்தக் கிணற்றடிப் பாடத்தை அறிய இதைவிடப் பொருத்தமான ஊர் ஏது?

வீட்டிலும் படிக்கலாம்

ஷிப்டு வேலை, கூடுதல் நேர வேலை, மேஸ்திரியின் கெடுபிடி ஆகியவற்றால் வகுப்புக்கு வர முடியாதவர்கள் பலர். அவர்கள் ஞாயிறு வாசகத்தை முன்னதாகவே வீட்டில் படிக்கலாம். கன்னடத்திலோ ஆங்கிலத்திலோ படிக்கும் பிள்ளைகளுக்குத் தமிழ் எழுத்து தெரியாமற் போகிறது. தகப்பனார் உரக்கப் படித்தால் அவர்கள் காதிலாவது விழும். நாளுக்கு ஒரு பக்கம் போதும்.

கறிக்கும் குடிக்கும் செலவாகாமல் மிஞ்சும் பணத்தை ஏழைக்குக் கொடுப்பது நோன்பின் பாதி. பக்கத்து வீட்டுக்காரரின் மொழியில் நாலு வார்த்தை பேசக் கற்றுக்கொண்டால், மற்றப் பாதியும் நிறைவேறியதாகக் கொள்ளலாம்.