மேட்டில் நின்று போகும் பைக்: பெற்றோல் வரும் வழியை முதலில் பாருங்கள்



எங்கள் டிவிசனில் ஒரு தம்பி, இரவு ஒன்பது மணிக்குப் பிள்ளைக்கு இழுப்பு என்று டிக்கோயா ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்டார். பழைய இரண்டு ஸ்ட்ரோக் பைக். பிள்ளை நடுவில், மனைவி பின்னால். மூன்று கிலோமீற்றர் போனதும் மேட்டு வளைவில் பைக் நின்று விட்டது. எத்தனை உதைத்தும் எடுக்கவில்லை. கால் மணித்தியாலம் கழித்து தானாக எடுத்தது. கொஞ்ச தூரம் போய் மறுபடியும் நின்னு போச்சு. அந்த வழியாக வந்த ஒரு லொறிக்காரர் ஏற்றிக்கொண்டு போனதால் பிள்ளை நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தது.

அடுத்த நாள் டவுனில் ஒரு கராஜுக்குத் தள்ளிக்கொண்டு போனார். "பிஸ்டன் போயிருச்சு, போர் பண்ணணும்" என்றார்களாம். சீட்டுப் பணத்தை எடுத்துக் கொடுத்து, போர் பண்ணி, புதுப் பிஸ்டனும் போட்டாச்சு. வீட்டுக்கு வரும் வழியிலேயே அதே மேட்டில் பைக் நின்றது.

பிறகுதான் எங்கள் தோட்டத்து லொறி டிரைவர் அண்ணன் வந்து பார்த்தார். "தம்பி, மொதல்ல டேங்க் மூடியைத் தெற" என்றார். திறந்ததும் 'உஸ்' என்று காற்றை உள்ளே இழுத்தது. மழைத் தண்ணீர் இறங்காமல் இருக்க மூடிக்கு அடியில் பொலித்தீன் உறையை மடித்து வைத்து இறுக்கியிருந்தார் நம் தம்பி. அவ்வளவுதான் வியாதி. மூடியில் ஊசித் துவாரம் போல ஒரு காற்றுவழி இருக்கிறது. டேங்கிலிருந்து பெற்றோல் இறங்க இறங்க அந்த வழியால் காற்று உள்ளே போக வேண்டும். அதை அடைத்தால் பெற்றோல் கீழே இறங்காது. கால் மணித்தியாலம் நின்றால் கொஞ்சம் காற்று எப்படியோ கசிந்து போய்விடும், பைக் எடுக்கும், பிறகு நிற்கும்.

இப்படி எத்தனையோ வீடுகளில் வீண் சல்லி போகிறது என்பதால்தான் இதை எழுதுகிறேன். 2008இல் இரண்டு ஸ்ட்ரோக் முச்சக்கர வண்டிகளின் இறக்குமதி நிறுத்தப்பட்டது. ஆனாலும் யமஹா ஆர்.எக்ஸ்., டி.டி. மாதிரியான பழைய இரண்டு ஸ்ட்ரோக் பைக்குகளை இன்னும் வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். புல்வெட்டும் மெசினும், மருந்தடிக்கும் மெசினும் பெரும்பாலும் இதே ஜாதிதான். ஆகவே பைக் இல்லாதவர்களும் வாசிக்கலாம்.

பைக் நின்றதும் முதலில் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். பிளக் காய்ந்திருந்தால் பெற்றோல் இன்ஜினுக்கு வரவில்லை என்று அர்த்தம். நனைந்திருந்தால் பெற்றோல் வருகிறது, ஆனால் எரியவில்லை. அல்லது அளவுக்கு மிஞ்சி வருகிறது. இந்த ஒரு விஷயம் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. பிளக்கை இன்ஜினில் வைத்து உதைத்து நெருப்புப் பார்க்கும் பழக்கம் உண்டல்லவா, அதைச் செய்யும்போது பிளக் துவாரத்திலிருந்து தள்ளி வைத்துப் பிடிக்க வேண்டும். அந்தத் துவாரத்தால் பெற்றோல் ஆவி வெளியே வரும், பற்றிக்கொள்ளும்.

காய்ந்த பிளக் என்றால் மேலிருந்து கீழே வாருங்கள். மூடியைத் திறந்துவிட்டு உதையுங்கள். எடுத்தால் காற்றுவழி அடைப்பு. அடுத்தது டேப். காபரேட்டருக்குப் போகும் குழாயைக் கழற்றி ஒரு போத்தலுக்குள் விட்டு டேப்பைத் திறந்தால் பெற்றோல் ஒரே சீராக ஓட வேண்டும். சொட்டுச் சொட்டாக விழுந்தால் டேப்பின் உள்வலையில் துருவும் அழுக்கும் அடைத்திருக்கிறது. டேங்கில் பெற்றோல் குறைவாக இருந்தால் ஏற்றத்திலோ இறக்கத்திலோ டேங்க் சாயும்போது பெற்றோல் டேப்பை விட்டு விலகிவிடும். அப்போது டேப்பை ரிசர்வுக்குத் திருப்பினாலே போதும். இதுக்கும் கராஜுக்குத் தள்ளிக்கொண்டு போனவர்களைக் கண்டிருக்கிறேன்.

டேப் சரியென்றால் காபரேட்டர் கிண்ணம். அதன் அடியில் ஒரு திருகாணி இருக்கும். அதைத் தளர்த்தி, வருவதை ஒரு வெள்ளைக் கண்ணாடிப் போத்தலில் பிடியுங்கள். நம்முடைய மலையில் மூடுபனியும் மழையும் நாள் முழுக்க. பாதி காலியான டேங்கில் ஈரம் வியர்த்துத் தண்ணீராகும். தண்ணீர் பெற்றோலைவிடப் பாரம் கூடியது, ஆகவே அடியில் போய் நிற்கும். போத்தலில் இரண்டு தட்டாகப் பிரிந்து தெரிந்தால் கீழே இருப்பது தண்ணீர். டேங்கையும் கழுவி ஊற்றாவிட்டால் திரும்பவும் அதே கதைதான்.

பைக் எந்த நேரத்தில் நிற்கிறது என்பதையும் கவனியுங்கள். சும்மா ஓடவிடும்போது நின்று, எக்ஸலேட்டரைத் திருகினால் ஓடுகிறதா? சின்ன ஜெட் அடைப்பு. சும்மா நன்றாக ஓடி, மேட்டில் பாரம் ஏறும்போது இழுத்து இழுத்து நிற்கிறதா? பெரிய ஜெட், அல்லது பெற்றோல் வரத்துக் குறைவு. 2022இல் பெற்றோல் தட்டுப்பாடு வந்து கியூ.ஆர். முறை வந்த நேரத்தில் எத்தனையோ பைக் மாதக்கணக்காக லயத்து ஓரத்தில் சும்மா நின்றது. அப்படி நின்ற பைக்கில் பழைய பெற்றோல் காய்ந்து பிசின் மாதிரி ஜெட்டில் ஒட்டிக்கொள்ளும். ஜெட்டைக் கழற்றிப் பெற்றோலில் ஊறவைத்து, பம்பால் காற்று அடித்துச் சுத்தம் செய்யுங்கள். கம்பியோ ஊசியோ விட்டுக் குத்த வேண்டாம். அந்தத் துவாரம் கொஞ்சம் பெருத்தாலும் ஜெட் கெட்டது கெட்டதுதான்.

நனைந்த பிளக்குக்கு வேறு காரணங்கள். குளிருக்குச் சோக்கைப் போட்டு எடுத்துவிட்டு, திருப்பி விட மறந்திருப்போம். நிறுத்தி வைத்த பைக்கிலிருந்து பெற்றோல் ஒழுகினால் புளோட் ஊசி தேய்ந்திருக்கும். இன்னொன்று நம் உயரம். நுவரெலியா டவுன் ஏறக்குறைய 1,868 மீற்றர், ஹட்டன் ஏறக்குறைய 1,270 மீற்றர். நுவரெலியாவில் காற்றழுத்தம் கடலோரத்தைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. கொழும்புப் பக்கம் வாங்கிய பைக்கின் ஜெட் அங்குள்ள காற்றுக்கு அளந்தது. இங்கே காற்று குறைவு, பெற்றோல் அதே அளவு. ஆகவே பிளக் கறுக்கும், புகை கூடும், இழுவை இருக்காது. தெரிந்த பாஸ் ஒருவர் ஒரு நம்பர் சின்ன ஜெட் போட்டுத் தருவார். ஆனால் அந்த ஜெட்டோடு அவிசாவளைக்கு இறங்கி வேகமாக ஓடக் கூடாது. அங்கே காற்று கூடி, பெற்றோல் போதாமல் இன்ஜின் கொதிக்கும்.

இதைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டும். இரண்டு ஸ்ட்ரோக் இன்ஜினில் பிஸ்டனுக்கு வேண்டிய எண்ணெய் பெற்றோலோடு கலந்துதான் போகிறது. சில பைக்கில் எண்ணெய்க்குத் தனிப் பம்பு உண்டு. கையால் கலக்கும் மெசினில் பெற்றோல் வரத்துக் குறைந்தால் எண்ணெயும் குறையும். பிஸ்டன் சூடேறிப் பிடித்துக்கொள்ளும். ஓடும்போது பிடித்தால் பின்சில்லு இறுகி ஆளைத் தூக்கி எறியும். உடனே கிளச்சைப் பிடிக்க வேண்டும். காபரேட்டருக்கும் இன்ஜினுக்கும் நடுவில் உள்ள ரப்பர் வெடித்திருந்தாலும் இதே ஆபத்து. பைக் சும்மா நிற்கும்போது சத்தம் தானாக ஏறி இறங்காமல் நின்றால் அந்த ரப்பரை வளைத்துப் பாருங்கள். ஏப்ரல் சீசனில் மஹகஸ்தோட்ட மலையேற்றப் போட்டியைப் பார்த்த ஆசையில் ஏர் பில்டரைக் கழற்றி எறியும் தம்பிமாருக்கும் இது பொருந்தும். இறக்கத்தில் எக்ஸலேட்டரை முழுக்க மூடிக்கொண்டு நெடுந்தூரம் வருபவர்கள், இடைக்கிடை கொஞ்சம் திருகி விடுங்கள், எண்ணெய் போகட்டும்.

எண்ணெய்க் கணக்கு மெசினோடு வந்த புத்தகத்தில் இருக்கும். நாற்பதுக்கு ஒன்று என்றால் ஒரு லீற்றருக்கு 25 மில்லிலீற்றர். கண்மட்டத்தில் ஊற்றக் கூடாது. மண்ணெண்ணெய் கலந்த பெற்றோல் என்று சந்தேகம் வந்தால், எண்ணெய் கலக்குமுன் வெள்ளைக் கடதாசியில் ஒரு சொட்டு விடுங்கள். நல்ல பெற்றோல் அடையாளம் இல்லாமல் காய்ந்துவிடும். மண்ணெண்ணெய் எண்ணெய்க் கறையை விட்டுப் போகும்.

பெற்றோல் எல்லாம் சரியாக வந்து, பைக் சூடான பிறகு மட்டும் பிளக்கில் நெருப்பு இல்லாமல் போனால், அது கொயில் சம்பந்தப்பட்டது. சைலன்சருக்குள் கரி அடைத்தாலும் பைக் மூச்சுத் திணறி நிற்கும். அவை இரண்டும் பாஸிடம் விட வேண்டிய வேலை.

தாய்மாரிடம் ஒரு வேண்டுகோள். இந்த வேலை எதையும் லயத்துக் காம்பராவுக்குள் செய்ய விடாதீர்கள். பெற்றோல் ஆவி காற்றைவிடப் பாரமானது, தரையோடு ஊர்ந்து அடுப்பு வரைக்கும் போகும். நம் லயங்களில் ஒரு கூரையில் பற்றினால் வரிசையே போய்விடும். குப்பி லாம்பு வெளிச்சத்தில் டேங்கைத் திறக்கக் கூடாது. தண்ணீர்ப் போத்தலிலோ சோடாப் போத்தலிலோ பெற்றோல் வைக்கவும் கூடாது, பிள்ளைகள் குடித்துவிடும். குழாயை வாயால் உறிஞ்சி யாராவது விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்க வைக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். பெற்றோல் நுரையீரலுக்குள் போனால்தான் பெரிய ஆபத்து.

அந்தத் தம்பி இப்போது மூடிக்குள் பொலித்தீன் வைப்பதில்லை. இரவில் டேங்க் மேல் மனைவியின் பழைய கொழுந்துப் படங்கைப் போர்த்தி, காலையில் எடுத்துவிடுகிறார். சீட்டுக்கு இன்னும் ஐந்து மாதம் கட்ட வேண்டியிருக்கிறதாம்.